திரிந்த வெள்ளை

பாலில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும் என்பது, சமையலறைப் பக்கம் தலை காட்டாத ஆண்மக்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் சாயமும் பாலைப் போல் திரியும் என்பது, விஞ்ஞானப் பட்டமும் இருபது வருஷ உபாத்தியாயர் அநுபவமும் உள்ள அடியேனுக்குச் சென்ற ஐப்பசி மாதம் வரையில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு புட்டிச் சாயம். என் மாணவன் கொடுத்த விலையோ இரண்டு மாத உழைப்பு. அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது தீர்ப்பதற்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இந்தப் பகுதியை வழக்கமாய் வாசிக்கும் நேயர்கள், நான் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிப்பவன் என்பதையும், பிளாஸ்டிக்கில் சிறு மாதிரி உருவங்கள் செய்து சாயம் தீட்டுவது என் பொழுதுபோக்கு என்பதையும் அறிவார்கள். ஆகாய விமானம், ரயில் எஞ்சின், கப்பல் என்று எதை எடுத்தாலும், அசலை எழுபத்திரண்டில் ஒரு பங்காகவோ நூற்றில் ஒரு பங்காகவோ குறுக்கிச் செய்வது இந்தக் கலை. "நாற்பது வயதுக்கு மேல் பொம்மை விளையாட்டா?" என்று என் வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு நான் இன்னும் தக்க பதில் கண்டுபிடிக்கவில்லை. என் வகுப்புப் பையன்கள் அப்படிக் கேட்பதில்லை. "தூரிகைக் கோடே தெரியாமல் எப்படி ஸார் வண்ணம் அடித்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள்.

கோடு தெரியாததற்குக் காரணம், அந்த வேலையில் மயிர்த் தூரிகையே கிடையாது என்பதுதான். ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தூரிகை, பேனாவைப் போல் கையில் பிடிக்கும் கருவி. உள்ளே கூர்மையான ஊசி ஒன்று இருக்கிறது. அந்த ஊசியின் நுனி வந்து நிற்கும் துவாரம் சாதாரணமாக 0.3 மில்லிமீட்டர். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று அந்தத் துவாரத்தின் அருகே வேகமாய்ப் பாயும்போது, கிண்ணத்திலுள்ள சாயத்தை இழுத்து, மார்கழிப் பனியைப் போல் மெல்லியதாகத் தூவி விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிறந்த கருவி இது. போட்டோ படங்களைத் திருத்தவும் விளம்பரச் சித்திரங்கள் எழுதவும் வெகு காலம் பயன்பட்டு வந்தது. துவாரம் 0.3 மில்லிமீட்டர் என்பதை மட்டும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். என் கஷ்டம் முழுவதும் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் வந்தது.

* * *

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால், ஜமுனாமரத்தூர் போகும் பாதையில் காவலூர் வருகிறது. சாமைக்கும் தேனுக்கும் சந்தனத்துக்கும் பேர் போன இந்த மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே வெள்ளை வெளேரென்று கோளக் கூரைகள் தலை தூக்கி நிற்கின்றன. அவைதாம் இந்திய வானியற்பியல் நிலையத்தாரின் வைணு பாப்பு வான ஆராய்ச்சிக்கூடம். 1968-ம் வருஷம் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் இங்கே வேலை தொடங்கிற்று. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பிறகு, இந்தியாவிலேயே திட்டமிட்டு இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி எழுந்தது. அதன் கண்ணாடியின் குறுக்களவு ஏறக்குறைய ஏழே முக்கால் அடி! அந்தக் கனவைக் கண்டவரான டாக்டர் வைணு பாப்பு, அது நிறைவேறுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் 1982-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் காலமானார். 1986-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, அப்போது பிரதம மந்திரியாயிருந்த ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அவருடைய பெயரையே சூட்டினார்.

என் மாணவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். ஊர் காவலூருக்கு அருகில் ஒரு சிறு குடியிருப்பு. ஜில்லா விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்டபோது, மற்றப் பையன்களைப் போல் எரிமலை என்றோ சூரிய அடுப்பு என்றோ அவன் சொல்லவில்லை. "எங்கள் மலைக் கோபுரத்தைச் செய்கிறேன், ஸார்" என்றான். பெரிய தொலைநோக்கி இருக்கும் கட்டடத்தைத்தான் அவன் கோபுரம் என்றான்.

"ஏன் அதை?" என்றேன்.

"அதைக் கட்டும்போது எங்கள் தாத்தா மண் சுமந்தார், ஸார். கண்காட்சிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்" என்றான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? என்னிடமிருந்த பாலிஸ்டைரீன் தகடுகளை எடுத்துக் கொடுத்தேன். விமான மாதிரிகள் செய்யப் பயன்படும் அதே பிளாஸ்டிக்தான் அது. கோளக் கூரைக்கு, பட்டணத்துக் கடையில் அலங்காரத்துக்கு விற்கும் பாலிஸ்டைரீன் அரைக்கோளம் ஒன்று கிடைத்தது. இரண்டு மாத காலம் தினம் பள்ளி விட்டதும் அவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெட்டினான், ஒட்டினான், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். கூரையில் பிளவு திறந்து மூடுவதற்கு நகரும் கதவு வைத்தான். உள்ளே தொலைநோக்கியின் சட்டங்களைத் தீக்குச்சியைவிட மெல்லிய பிளாஸ்டிக் கம்பிகளால் பின்னினான். எல்லாம் முடிந்து சாயம் ஒன்றுதான் பாக்கி.

சாயம் இங்கே வெறும் அலங்காரம் அன்று என்பதை அவனுக்கு நான் விளக்கியிருந்தேன். கோளக் கூரை வெள்ளையாயிருந்தால் பகல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே உஷ்ணம் ஏறாது. உஷ்ணம் ஏறினால், இரவில் கதவைத் திறந்ததும் அந்த வெப்பக் காற்று நெளிந்து நெளிந்து வெளியேறி நட்சத்திரத்தின் உருவத்தைக் கலைத்துவிடும். தொலைநோக்கிகளின் உட்பாகங்களுக்கோ பளபளப்பில்லாத கறுப்பு அடிப்பார்கள். வேண்டாத வெளிச்சம் பட்டுத் தெறித்துக் கண்ணாடியில் விழக்கூடாதல்லவா? ஆகவே வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. இரண்டே நிறங்கள். இதில் என்ன தகராறு வந்துவிடப் போகிறது என்று எண்ணினேன்.

* * *

கறுப்பில் தகராறு வரவில்லை. பல வருஷங்களாக நான் உபயோகித்து வரும் ஜப்பான் தேசத்து அக்ரிலிக் சாயம் அது. ஒரு பங்கு சாயத்துக்கு ஒரு பங்கு ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் கலந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட்டைப் போன்றதுதான் இது. தூவியதும் வெல்வெட்டைப் போல் படிந்தது. பையன் கைதட்டினான்.

வெள்ளைப் புட்டி தீர்ந்து போயிருந்ததால் புதிதாக ஒன்று வரவழைத்திருந்தேன். அது வேறு தேசத்துச் சரக்கு. ஆனால் புட்டியின் மேல் 'அக்ரிலிக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

பையனுக்குப் போதவில்லை. இரண்டு புட்டிகளையும் மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஸார், கறுப்புப் புட்டியில் ஆஸ்பத்திரி வாடை வருகிறது. வெள்ளைப் புட்டியில் சுவருக்கு அடிக்கிற பெயிண்டின் வாடைதான் வருகிறது. இரண்டும் ஒரே வகைதானா?" என்று கேட்டான்.

"அக்ரிலிக் என்றால் அக்ரிலிக்தான், தம்பி. நாளைக் காலையில் கண்காட்சி. வாடை பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை" என்றேன்.

இருபது வருஷமாக வகுப்பில், 'கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள்' என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பையன் கேட்டபோது சொன்ன பதில் இது!

கிண்ணத்தில் வெள்ளையை ஊற்றினேன், ஸ்பிரிட்டை ஊற்றினேன், கலக்கியும் கலக்காமலும் விசையை அழுத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அழுத்தத்தைக் கூட்டினேன். 'புஸ்' என்ற சத்தத்துடன் தயிர்க் கட்டியைப் போல் ஏதோ ஒன்று தெறித்தது, பின்னும் ஒன்று, பிறகு ஒரு சரமாகவே வந்து விழுந்தது. கண்ணாடிபோல் வழவழவென்றிருந்த கோளக் கூரை, அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டது. நகரும் கதவு சாயத்தில் ஒட்டிக்கொண்டது. பிளவின் வழியாக உள்ளே போன கட்டிகள் கறுப்புச் சட்டங்களின் மேல் தொங்கின.

பையன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

* * *

என்ன நடந்தது என்பதை இப்போது சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இந்த வேலையில் இறங்கியிருந்தால் இந்த இடத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

எந்தச் சாயத்திலும் மூன்று பொருள்கள் உண்டு: நிறத்தைத் தரும் பொடி, அதைப் பிடித்து ஒட்டவைக்கும் பசை, இரண்டையும் ஏந்தி ஓடச்செய்யும் திரவம். பசை அக்ரிலிக் பிசினாக இருந்தால் அது அக்ரிலிக் சாயம். பெயர் பசைக்குத்தான், ஏந்தும் திரவத்தைப் பற்றி அந்தப் பெயர் வாயே திறப்பதில்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன்.

ஒரு வகையில், பசை மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கிறது. இது எமல்ஷன். பாலில் வெண்ணெய் மிதப்பதைப் போலவே. நீர் உலர உலரத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, ஒரே தோலாகிவிடுகின்றன. 1950-களில் சித்திரக்காரர்களுக்காக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நீர்க்கலவை அக்ரிலிக்கும், மாதிரி உருவம் செய்கிறவர்கள் உபயோகிக்கும் ஸ்பெயின் தேசத்து வல்லேஹோவும், நம் கடைத்தெருக்களில் துணிக்கும் கைவேலைக்கும் விற்கும் அக்ரிலிக்கும் இந்த வகையே.

மற்றொரு வகையில், பசை ஆல்கஹாலையும் அதைச் சேர்ந்த கரைப்பான்களையும் கொண்ட திரவத்தில் இருக்கிறது. அந்தத் திரவம் நீருடனும் கலக்கும். ஆகையால் இதையும் நீர்க்கலவை என்றே சொல்லி வருகிறார்கள். ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து டாமியா கம்பெனியின் அக்ரிலிக் இந்த வகை. இதற்கு ஸ்பிரிட் பகையன்று, உறவினர்.

முதல் வகையில் ஸ்பிரிட்டை விட்டால் வருகிறது வினை! பசைத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாடு குலைந்து போகிறது. துகள்கள் கூட்டம் கூட்டமாய்த் திரள்கின்றன. பாலில் எலுமிச்சை விழுந்த கதைதான். திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியுமா? திரிந்த சாயத்தையும் எந்த வித்தையாலும் மீட்க முடியாது. 0.3 மில்லிமீட்டர் துவாரத்துக்கு அது நெஞ்சடைப்பு.

ஆகவே முதல் விதி: புட்டியின் பெயரைப் பார்த்துத் தின்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தச் சாயத்துக்கென்று அதைச் செய்தவர்களே விற்கும் தின்னர் இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி சாயமும் ஒரு துளி தின்னரும் விட்டுக் குச்சியால் கலக்கி, ஐந்து நிமிஷம் காத்திருங்கள். நூல் நூலாகவோ மணி மணியாகவோ திரண்டால் அந்த இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. இந்தப் பொருத்தம் பார்க்க ஜோசியர் தேவையில்லை. ஐந்து நிமிஷப் பொறுமை போதும். அந்த ஐந்து நிமிஷம்தான் அன்று என்னிடம் இல்லை.

* * *

அன்று இரவு நடந்ததைச் சொல்லவேண்டும். திரிந்த சாயம் காய்ந்து தோலாவதற்கு முன் சோப்பு நீரால் கழுவினோம். மிச்சத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தோம். கெடுத்த அதே ஸ்பிரிட் சுத்தம் செய்வதற்கு உதவிற்று. பாலிஸ்டைரீனை அது கரைப்பதில்லை. ஆனால் உள்ளேயிருந்த கறுப்பையும் அது கரைத்துக்கொண்டு வந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்ததில் மூன்று சட்டங்கள் முறிந்தன. இரவு பத்து மணிக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் போயிற்று, கம்ப்ரஸர் மௌனமாகிவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பையன் சட்டங்களை மறுபடி ஒட்டினான். விடியற்காலையில், டப்பாவிலிருந்து நேரே தெளிக்கும் சாம்பல் நிறப் பிரைமரை ஒரு பூச்சு அடித்தோம். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இவ்விதமாக, எங்கள் காவலூர்க் கோபுரம் சாம்பல் நிறத்திலேயே கண்காட்சிக்குப் போயிற்று. நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், "வேலை முடியவில்லையே, தம்பி" என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். பரிசு ஓர் எரிமலைக்குக் கிடைத்தது. பையன் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

மத்தியானம் அவனுடைய தாத்தா வந்தார். தோளில் துண்டும் கையில் கழியுமாக, அந்த மாதிரி உருவத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தார். குனிந்து உள்ளே பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெரியவரே, வெள்ளை அடிக்க முடியாமல் போய்விட்டது. தப்பு என்னுடையது" என்று ஆரம்பித்தேன்.

"அதனாலென்ன, வாத்தியார் ஐயா? நான் மண் சுமந்தபோது இது இப்படித்தான் சிமிட்டி நிறத்தில் நின்றது. வெள்ளை அப்புறந்தானே அடித்தார்கள்?" என்றார் அவர்.

பையன் முதல் முறையாகச் சிரித்தான். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

* * *

தை மாதம் பிறந்தது. மலையில் வானம் நிர்மலமாயிற்று. மறுபடி வேலை தொடங்கினோம். இந்தத் தடவை சாயம் கலப்பது பையன். கைகட்டி நிற்பது நான். நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் ஒன்றில் அவன் துளிக்கணக்கு எழுதிக்கொண்டு வந்தான். அதிலிருந்து சில விஷயங்களை எடுத்துத் தருகிறேன்.

நீர் வகைச் சாயத்துக்கு அதற்குரிய தின்னரையே உபயோகித்தோம். பச்சைத் தண்ணீர் கூடாதா என்றால், கொஞ்சம் விடலாம். அதிகம் விட்டால் பசைத் துகள்கள் ஒன்றுக்கொன்று எட்டாமல் விலகிப் போய், காய்ந்தபின் நகம் பட்டாலே உரிந்து வரும். தின்னர் என்பது அந்தப் பிடிப்பைக் காப்பாற்றிக்கொண்டே நீர்க்கச் செய்வது. தண்ணீர் விடுவதானாலும் கிணற்று நீர் வேண்டாம், உப்பு படியும். மோட்டார் பாட்டரிக்கு ஊற்றும் வாலை நீரே போதும்.

பையன் தன் வெள்ளைப் புட்டிக்கு எழுதிய கணக்கு இது: பத்துத் துளிச் சாயத்துக்கு ஐந்து துளித் தின்னர் – மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு. பத்துக்குப் பத்து – நன்று. பத்துக்குப் பதினைந்து – பரவாயில்லை, ஆனால் மெல்லத் தூவவேண்டும். பத்துக்கு இருபத்தைந்து – சாயம் நிற்காமல் காற்று தள்ளிய பக்கமெல்லாம் சிலந்திக் கால்போல் ஓடிற்று. வேறு புட்டிக்கு வேறு கணக்கு வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. கலந்த சாயத்தைக் குச்சியால் கிண்ணத்தின் பக்கத்தில் ஏற்றி விடுங்கள். பசும்பால் தம்ளரின் பக்கத்தில் எப்படி இறங்குகிறதோ, அப்படி மெல்லிய திரையை விட்டுக்கொண்டு இறங்கவேண்டும். தயிர்போல் நின்றால் கெட்டி. பின்னால் ஒரு திரையும் விடாமல் தண்ணீர்போல் ஓடிவிட்டால் நீர்த்துப்போயிற்று.

கிண்ணத்தில் முதலில் தின்னரையும் பிறகு சாயத்தையும் விடவேண்டும் என்பது அவன் கண்டுபிடித்து எழுதிய மற்றொரு குறிப்பு. சாயம் முந்திக்கொண்டால், கலப்பதற்குள் கெட்டிச் சாயம் ஊசிமுனைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு. மோட்டார் வண்டியின் டயரில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. தூரம் நாலைந்து விரற்கடை.

வெள்ளைக்கு என்று தனிக் குணம் உண்டு. அதன் நிறப்பொடி டைட்டானியம் டையாக்ஸைடு; தண்ணீரைப் போல் நான்கு மடங்கு கனம். புட்டியின் அடியில் சகதிபோல் படிந்து கிடக்கும். நன்றாகக் குலுக்காமல் மேலாக ஊற்றினால் வருவது பசை நீர்தான்; "இந்த வெள்ளை மூடவில்லையே!" என்று கம்பெனியைத் திட்டுவோம். குலுக்கின பிறகும் ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று ஆசைப்படக்கூடாது. அப்படி ஆசைப்பட்டால் விளிம்புகளில் வழிந்து, நடுவில் திட்டாகும். வெறும் பிளாஸ்டிக்கின் மேல் நேரே அடித்தால் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, பிரைமர் அடித்த பின்பே சாயம். சாம்பல் பிரைமரின் மேல் முதற்பூச்சு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கவேண்டும். இரண்டாவதில் பனி மூடியது போலாகும். நாங்கள் ஆறு பூச்சு அடித்தோம். பூச்சுக்குப் பூச்சு காய விட்டோம். மறுநாள்தான் ஒட்டுத்தாள் வைத்து மறைத்து மற்றப் பாகங்களுக்குப் போனோம். அவசரப்பட்டு ஒட்டினால் தாளோடு சாயமும் வந்துவிடும்.

பருவத்தையும் பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் சாயம் ஊசிமுனையிலேயே காய்ந்துவிடுகிறது. உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு துளி சேர்த்து, அடிக்கடி ஈரப் பஞ்சால் முனையைத் துடைக்கவேண்டும். மழைக் காலத்தில் கம்ப்ரஸரின் குழாயில் நீர் சேர்ந்து, சாயத்தோடு தண்ணீரையும் துப்புகிறது. நீர் பிடிக்கும் புட்டி ஒன்றைக் குழாயில் மாட்டுவது அவசியம். காற்றில் ஈரம் மிகுந்த இரவுகளில் காவலூரில் தொலைநோக்கியின் கதவைத் திறக்கமாட்டார்கள். நாங்களும் அந்த உதாரணத்தைப் பின்பற்றி, மூடுபனி இறங்கின நாட்களில் கருவியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. நீர் வகைதானே என்று மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு தூவவேண்டாம். நாம் தூவும் புகை, காய்ந்தால் நுண்ணிய பிளாஸ்டிக் தூசி. ஜன்னலைத் திறந்து, முகமூடி அணிந்துகொண்டு வேலை செய்யுங்கள். வாடை பார்ப்பது புட்டியோடு நிற்கட்டும்.

* * *

"எல்லாம் வெளிநாட்டுச் சாயம்தானா? நம் தேசத்துச் சரக்கால் ஆகாதா?" என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பதினேழு மில்லிலிட்டர் கொண்ட சிறு புட்டிக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க, மலையில் சாமை விதைப்பவர் வீட்டுப் பிள்ளையால் முடியுமா? 1931-ம் வருஷம் பம்பாயில் மைத்தூளும் மை வில்லையும் செய்யத் தொடங்கிய காம்லின் கம்பெனியின் சாயப்பெட்டி இல்லாத பள்ளிக்கூடம் நம் நாட்டில் அபூர்வம். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் உள்நாட்டு அக்ரிலிக் வகைகள் பெரும்பாலும் துணிக்கும் தாளுக்கும் மண்பாண்டத்துக்கும் தூரிகையால் தீட்டுவதற்கென்று கெட்டியாகச் செய்யப்பட்டவை. காற்றுத் தூரிகைக்கென்று செய்யாத ஒன்றை, அதற்கு உதவவில்லை என்று குறை கூறுவது தர்மமாகாது.

ஆனாலும் நாங்கள் முயன்று பார்த்தோம். கோபுரத்தைச் சுற்றியுள்ள காட்டின் பச்சையும், பாதையின் செம்மண்ணும் உள்நாட்டுச் சாயத்தால் ஆனவையே. வழி இதுதான்: சாயத்தைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, தின்னரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரைக்கவேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். பிறகு பழைய நைலான் துணியில் இருமுறை வடிகட்டவேண்டும். 0.3-க்குப் பதிலாக 0.5 மில்லிமீட்டர் துவாரமுள்ள முனையை மாட்டவேண்டும். பிரைமர் இல்லாமல் தொடவே கூடாது. மூன்று பூச்சில் ஆகிற வேலைக்கு ஐந்தாறு பூச்சு பிடிக்கும். காட்டுக்கும் மண்ணுக்கும் இது அழகாகவே வந்தது. சிறிது சொரசொரப்பு அங்கே இயற்கை. கண்ணாடிபோன்ற கோளக் கூரைக்கு மட்டும் அந்த நயம் போதவில்லை. ஏழே முக்கால் அடிக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிய தேசத்தில், ஒரு சிமிழ் வெள்ளைச் சாயத்தை நன்றாக அரைத்துத் தர முடியாமல் போகாது. கேட்பவர்கள் பெருகினால் செய்பவர்களும் வருவார்கள்.

கோபுரம் இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில், வெள்ளை வெளேரென்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கதவு நகர்கிறது, உள்ளே கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அடித்தளத்தில் ஓர் அங்குல அகலத்துக்கு மட்டும் சாம்பல் நிறத்தை வெள்ளை அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறான் பையன். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் தாத்தாவுக்கும் தெரியும்.

பையன் இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். நோட்டுப் புஸ்தகத்தைத் தனக்குப் பின்னால் வரும் பையன்களுக்காக அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு விதிகள் எழுதியிருக்கின்றன:

"1. முதலில் வாடை பார்க்கவும். 2. பிறகு ஸாரைக் கேட்கவும்."

அந்த வரிசையை மாற்றவேண்டாம் என்று நானே அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.